கசிந்த கண்டெய்னரை யாரும் இறக்கவில்லை: எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன்

2021 மே மாதக் கடைசியில் கொழும்புக்கு எதிரே கடலில் ஒரு சரக்குக் கப்பல் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். வானத்தை மறைத்த கரும்புகை, வெள்ளைப் பாதுகாப்பு உடையில் கடற்கரையைச் சுரண்டிக்கொண்டிருந்த கடற்படையினர், வாய் நிறைய வெள்ளை மணிகளோடு செத்துக் கிடந்த ஒரு மீன். இந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஆனால் அவை எல்லாமே மே 20-க்குப் பிறகு எடுத்தவை. அதற்கு முந்தைய ஒன்பது நாட்களுக்கு அப்படிப் பரவிய படம் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் பாடம் முழுவதும் அந்த ஒன்பது நாட்களில்தான் இருக்கிறது, அதனால் அங்கே கொஞ்சம் அதிகமாகவே நிற்கப்போகிறேன்.

கேப்டன், கம்பெனி அதிகாரிகள், துறைமுக ஆட்கள், மீனவர்கள் என்று இதில் வரும் யாருக்கும் நான் பெயர் போடவில்லை. ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கினால் இந்த நிகழ்வு புரியாமலே போய்விடும். ஒவ்வொருவரும் தன் இடத்தில் நின்று, தனக்கு நியாயம் என்று பட்டதைச் செய்ததுதான் இதில் பெரிய பயமே.

பின்னணி

கப்பல் புத்தம் புதியது. சீனாவில் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் கையளிக்கப்பட்டது, 186 மீட்டர் நீளம், சிங்கப்பூர்க் கொடி, இது அதன் மூன்றாவது பயணம். "பழைய ஓட்டைக் கப்பல், பராமரிப்பு இல்லை" என்று வழக்கமாகச் சொல்லும் காரணம் இங்கே எடுபடாது.

கப்பலில் 1,486 கண்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 81-இல் ஆபத்தானவை என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட சரக்கு. சுமார் 25 டன் நைட்ரிக் அமிலம், காஸ்டிக் சோடா, மெத்தனால், இன்னும் சில. மீதிக் கண்டெய்னர்களில் அழகுசாதனப் பொருள் முதல் ஈயக் கட்டி வரை எல்லாம் இருந்தது. அப்புறம், யாரும் ஆபத்து என்று எழுதாத ஒரு சரக்கு: சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள்.

நர்டில் என்று இந்த மணிகளைச் சொல்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை, கையில் எடுத்தால் ஜவ்வரிசி மாதிரி இருக்கும். நாம் கையில் பிடிக்கும் பை, குடம், நாற்காலி, தண்ணீர் பாட்டில் எல்லாமே முதலில் இந்த மணியாக இருந்தவைதான். கச்சா எண்ணெயோ எரிவாயுவோ கிடைக்கும் இடத்தில் இதைச் செய்து, 25 கிலோ மூட்டையாகக் கட்டி, கண்டெய்னரில் அடுக்கி, உலகத்தின் எல்லா மூலைக்கும் அனுப்புகிறார்கள். வாங்குகிற தொழிற்சாலை அதை உருக்கி வேண்டிய வடிவத்தில் வார்த்துக்கொள்ளும். 1,680 டன் என்றால் அப்படிப்பட்ட மூட்டைகள் 67,000-க்கு மேல் வரும். மணிக் கணக்கில் போனால் பல ஆயிரம் கோடி.

இலங்கைப் பக்கத்துப் பின்னணியும் ஒன்று உண்டு. எட்டு மாதத்துக்கு முன்பு, 2020 செப்டம்பரில், கிழக்குக் கரையில் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. அதில் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. கப்பல் ஊழியர் ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் சேர்ந்து தீயை அணைத்தன, சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சோடு விஷயம் முடிந்துபோனதுதான் தவறு என்று நினைக்கிறேன். பெரிய கப்பல் தீ ஒன்று இந்தக் கரைக்கு வரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைத்திருக்க முடியாது.

மே 11 முதல் மே 19 வரை

கப்பல் துபாயின் ஜெபல் அலியில் நைட்ரிக் அமிலக் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மே 11-ஆம் தேதி அந்தக் கண்டெய்னரில் கசிவு இருப்பதை ஊழியர்கள் பார்த்தார்கள்.

நைட்ரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அதைவிட முக்கியமான ஒரு குணம் அதற்கு உண்டு. அது வலுவான ஆக்சிஜனேற்றி. மரம், துணி, காகிதம், எண்ணெய் மாதிரியான எரியக்கூடிய பொருள்மேல் பட்டால் சூடு கிளம்பும், தீயே பிடிக்கலாம். ஆயிரக்கணக்கான பெட்டிகள் நெருக்கி அடுக்கிய கப்பலில் இது சொட்டுகிறது என்றால், அது அன்றைக்கே தீர்க்க வேண்டிய வேலை.

கத்தாரில் ஹமத் துறைமுகத்தில் அதை இறக்கித் தரும்படி கேட்டதாகக் கம்பெனி சொல்கிறது. இறக்கவில்லை. அடுத்து குஜராத்தின் ஹசீரா. அங்கும் கேட்டார்கள், அங்கும் இறக்கவில்லை. கசியும் அமிலத்தைக் கையாளும் சிறப்பு வசதியோ ஆட்களோ உடனடியாக இல்லை என்பதுதான் இரண்டு இடத்திலும் கிடைத்த பதில் என்று கம்பெனி பிற்பாடு விளக்கியது.

இந்தப் பதிலைக் கோபப்படாமல் பார்க்க வேண்டும். துறைமுக அதிகாரி ஒருவரை நினைத்துப் பாருங்கள். கசியும் கண்டெய்னரைத் தன் கரையில் இறக்கினால், கிரேன் ஓட்டுபவர் முதல் பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர் வரை அத்தனை பேருக்கும் அவர் பொறுப்பு. சிந்தினால் கணக்குக் கேட்பது அவரைத்தான். இறக்காமல் அனுப்பிவிட்டாலோ அவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்கவைக்கும் கட்டாய விதி ஏதும் கிடையாது. ஆபத்தில் இருக்கும் கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றி சர்வதேச கடல்சார் அமைப்பு 2003-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது, ஆனால் வழிகாட்டுதல் வெறும் ஆலோசனைதான். அது ஏன் வந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பல் ஸ்பெயின் கரைக்கு அருகே உடைப்பெடுத்தபோது, உள்ளே விடாமல் வெளிக்கடலுக்கு விரட்டினார்கள். அது அங்கே இரண்டாகப் பிளந்து மூழ்கி, கலீசியா கரை முழுவதையும் எண்ணெயால் மூடியது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் பத்தொன்பது வருடம் கழித்து ஒரு கப்பல் கசிவோடு கடல் கடந்து வந்திருக்கிறது.

கப்பல் தரப்பிலும் கேள்வி இருக்கிறது. ஏற்றிய இடத்துக்கே ஏன் திரும்பவில்லை? ஜெபல் அலி பெரிய துறைமுகம், பெட்டியை அனுப்பியவருக்கும் பக்கம். திரும்பினால் நாள் போகும், எரிபொருள் போகும், பின்னால் காத்திருக்கும் துறைமுகங்களில் ஒதுக்கிய நேரம் போகும். கண்டெய்னர் கப்பல் பஸ் மாதிரி, அட்டவணைக்கு ஓடுவது. அட்டவணை காக்கப்பட்டது, கசிவு தொடர்ந்தது. ஹசீராவில் இருந்து கொழும்பு வரை இந்தியாவின் மேற்குக் கரை முழுவதையும் ஒட்டி அந்த அமிலம் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. தீ மும்பைக்கு எதிரே பிடித்திருக்கலாம், கொச்சிக்கு எதிரே பிடித்திருக்கலாம், கன்னியாகுமரிக்கு எதிரேயும் பிடித்திருக்கலாம்.

மே 19 இரவு கப்பல் கொழும்புக்கு வடமேற்கே சுமார் 9.5 கடல் மைல் தூரத்தில் நங்கூரமிட்டது. கசிவு பற்றிக் கொழும்புக்கு உரிய நேரத்தில் உள்ளபடி சொல்லவில்லை என்பது பிற்பாடு இலங்கை உச்ச நீதிமன்றத்தின் முடிவு.

தீ

மே 20 அன்று சரக்கறையில் இருந்து புகை வந்தது. ஊழியர்கள் கார்பன் டையாக்சைடு செலுத்தி அடக்கப் பார்த்தார்கள். மூடிய அறையில் எரியும் சாதாரணத் தீக்கு அது சரியான முறைதான், காற்றைத் தடுத்தால் தீ சாகும். ஆனால் நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனைத் தானே கொடுக்கக்கூடிய பொருள், அதற்கு வெளிக்காற்று வேண்டியதில்லை. தீ மேல்தளத்துக்கு வந்தது.

அந்த வாரம் காலநிலையும் சேர்ந்து அடித்தது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம், வங்காள விரிகுடாவில் யாஸ் புயல் உருவாகிக்கொண்டிருந்தது, காற்று பலமாக வீசியது. மே 25 அன்று கப்பலுக்குள் வெடிப்பு ஏற்பட்டது, கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. கப்பலில் இருந்த 25 பேரும் வெளியேற்றப்பட்டார்கள், இருவருக்குக் காயம். உயிர்ச்சேதம் இல்லாமல் அவர்களைக் கொண்டுவந்ததை இந்த நிகழ்வில் முழு மனதோடு பாராட்டலாம்.

அப்புறம் ஒரு வாரம் இழுவைப் படகுகளும் இந்தியக் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் தண்ணீர் அடித்தன. ஹெலிகாப்டரில் இருந்து இரசாயனத் தூள் போட்டார்கள். உள்ளே எந்தப் பெட்டியில் என்ன எரிகிறது என்று முழுதாகத் தெரியாத நிலையில் செய்த வேலை இது. ஜூன் 1 வாக்கில் தீ பெருமளவு அடங்கியது.

ஆழ்கடலுக்கு இழுப்பதா

ஜூன் 2 அன்று எடுத்த முடிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரையருகே மூழ்கினால் எண்ணெய் கசிந்து நீர்கொழும்புக் களப்பு வரை போய்விடும் என்ற பயம், எனவே ஆழமான கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். இழுவை தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே பின்பகுதி தரைதட்டிவிட்டது. அங்கே ஆழம் சுமார் 21 மீட்டர்தான். ஜூன் 17-க்குள் கப்பல் முழுதாகக் கீழே அமர்ந்தது.

முதல் நாளே இழுத்துப் போயிருக்கலாம் என்று பலரும் சொன்னார்கள், ஆழத்தில் மூழ்கியிருந்தால் கரை தப்பித்திருக்கும் என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிளாஸ்டிக் மணி மிதக்கும். கப்பலை எங்கே மூழ்கவிட்டாலும் அது மேலே வந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் கரைக்குப் போகும். உடைந்த கப்பலோ ஆழத்தில் போயிருந்தால் அதை வெளியே எடுக்கவே முடியாமல் போயிருக்கும். 21 மீட்டரில் கிடந்ததால்தான் பிற்பாடு துண்டாக்கித் தூக்க முடிந்தது. அந்த முடிவு எடுக்கும்போது எல்லோர் கண்ணும் தொட்டியில் இருந்த சில நூறு டன் எரிபொருள்மேல் இருந்தது. பெரிய அளவில் எண்ணெய்ப் படலம் கரைக்கு வரவில்லை. கரையை மூடியது, சரக்குப் பட்டியலில் யாரும் சிவப்புக் கோடு போடாத பொருள்.

கரையில் பார்த்தது

வெடிப்பு நடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் நீர்கொழும்பு, பமுணுகம, சரக்குவ கரைகளில் எரிந்த குப்பையோடு வெள்ளை மணிகள் ஒதுங்கத் தொடங்கின. சில இடங்களில் மணல் தெரியவில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அனுப்பிய நிபுணர்கள் இதை உலகில் பதிவான மிகப்பெரிய பிளாஸ்டிக் மணிக் கொட்டல் என்று மதிப்பிட்டார்கள். இதற்கு முன் ஹாங்காங்கில் 2012-இல் புயலில் கடலில் விழுந்தது 150 டன், டர்பனில் 2017-இல் விழுந்தது 49 டன். அவையே அந்த ஊர்களைப் பல மாதம் அலைக்கழித்தவை.

ஆய்வாளர்கள் கவனித்த ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. எரியாத வெள்ளை மணியைக் கண்ணால் பார்க்க முடியும், பொறுக்க முடியும். ஆனால் தீயில் வெந்து, உருகி, மறுபடி உறைந்த துண்டுகள் பழுப்பாகவும் கருப்பாகவும் கல், கிளிஞ்சல் மாதிரியே இருந்தன. கையில் அழுத்தினால் நொறுங்கும். சுத்தம் செய்பவர் கண்ணுக்குத் தப்பும், நொறுங்க நொறுங்க எண்ணிக்கை கூடும். எரிந்ததால் அதில் சேர்ந்திருக்கும் வேதிப்பொருள்களும் வெள்ளை மணியில் இருப்பதைவிடச் சிக்கலானவை. ஆக ஒரே கரையில் ஒரே நேரத்தில் இரண்டு விதமான மாசு, ஒரே சல்லடை இரண்டுக்கும் போதாது.

சுத்தம் செய்யும் வேலையே ஒரு தனிப் பாடம். நாடு முழுக்க கொரோனாவுக்காகப் பயணக் கட்டுப்பாடு இருந்த நாட்கள், தன்னார்வலர்கள் பெரிய அளவில் இறங்க முடியவில்லை. கடற்படை, ராணுவம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை ஆட்கள் இறங்கினார்கள். மண்வெட்டியால் அள்ளினால் மணலும் சேர்ந்து வரும். அள்ளிய இடத்தில் அடுத்த அலை மறுபடி கொண்டுவந்து போடும். அடுத்த மணல் அடுக்கு மேலே மூடிக்கொள்ளும், தோண்டினால் அடியில் இன்னொரு வரிசை மணி. சல்லடையும் சுழலும் சலிப்பு இயந்திரமும் அப்புறம் வந்தன. கட்டுப்பாடு தளர்ந்தபின் இளைஞர் குழுக்கள் வாராவாரம் போய் மண்டியிட்டுச் சலித்தன. மாதக்கணக்கில் அவர்கள் செய்த அந்த வேலையை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

ஆமைகள் விஷயம். ஜூன் முடிவுக்குள் 176 ஆமை, 20 டால்பின், 4 திமிங்கிலம் செத்து ஒதுங்கியதாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவானது 417 ஆமை, 48 டால்பின், 8 திமிங்கிலம். உடனே எழுந்த எதிர்வாதம், பருவக்காற்று மாதங்களில் வழக்கமாகவே கொஞ்சம் ஒதுங்கும், எல்லாவற்றையும் கப்பல் கணக்கில் எழுதலாமா என்பது. வழக்கமாக எத்தனை ஒதுங்கும் என்று வருடாவருடம் ஒழுங்காக எண்ணி வைத்திருந்தால் இந்த வாதம் ஒரே நாளில் முடிந்திருக்கும். மீன்வளம், தண்ணீரின் தரம், கடலடி நிலை எல்லாவற்றுக்கும் இதே கதை. முன்பு எப்படி இருந்தது என்று காட்டாமல் எவ்வளவு கெட்டது என்று நிரூபிப்பது கஷ்டம்.

மீனவர்கள்

களுத்துறையில் இருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அமிலமும் இரசாயனமும் கலந்த தண்ணீரில் வலை போட விட முடியாது, உடைந்த கண்டெய்னர்கள் அடியில் கிடந்தால் வலையும் வள்ளமும் போகும். தடையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நீர்கொழும்புக் கரையில் அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அன்றாடம் உலை கொதிக்கும் குடும்பங்கள் அதிகம். கொரோனாவால் ஏற்கெனவே விற்பனை படுத்துக் கிடந்தது. தடை இல்லாத பகுதியில் பிடித்த மீனையும் மக்கள் பயந்து வாங்கவில்லை. கடலுக்கே போகாத மீன் விற்கும் பெண்கள், கருவாடு காயப்போடுபவர்கள், வலை பின்னுபவர்கள், ஐஸ் உடைப்பவர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்துக்கு வருமானம் நின்றது. இழப்பீட்டுப் பட்டியல் போடும்போது வள்ளம் வைத்திருப்பவரை எண்ணுவது சுலபம், அவரிடம் பதிவு இருக்கும். இந்த மற்ற வேலைகளுக்குக் காகிதம் ஏது? இழப்பீட்டுத் திட்டம் எழுதும் யாரும் முதல் நாளே யோசிக்க வேண்டியது இவர்களைத்தான்.

பணம் யார் தருவது

கேப்டன் 2021 ஜூன் 14 அன்று கைதாகி ஜாமீனில் விடப்பட்டார். காப்பீட்டுத் தரப்பில் இருந்து முதல் இடைக்காலத் தொகையாக 36 லட்சம் டாலர் ஜூலையில் வந்தது.

எண்ணெய்க் கப்பல் கொட்டினால் என்ன செய்வது என்று உலகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. அதற்குச் சர்வதேச ஒப்பந்தங்கள் உண்டு, எண்ணெய் வாங்குபவர்களிடம் வசூலித்துச் சேர்த்த இழப்பீட்டு நிதி உண்டு. எண்ணெய் அல்லாத ஆபத்தான சரக்குக்கும் இதே மாதிரி ஒரு ஒப்பந்தம் 1996-இல் எழுதி, 2010-இல் திருத்தியும் ஆயிற்று. கொழும்புத் தீ நடந்தபோது அது நடைமுறைக்கே வந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் மணி ஆபத்தான சரக்கு என்ற வகைக்குள்ளேயே சேராததால், வந்திருந்தாலும் அதற்கு உதவியிருக்குமா என்பது அடுத்த கேள்வி.

இதனால் மிஞ்சியது, கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் பொது விதி. அந்த வரம்பு, நடந்த சேதத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, கப்பலின் டன் அளவை வைத்துக் கணக்கிடப்படுவது. காலிக் கப்பல் போய் ஒரு தூணில் மோதினாலும், விஷம் ஏற்றிய கப்பல் ஒரு கரையையே அழித்தாலும் அளவு ஒன்றுதான். 2023 ஏப்ரலில், சம்பவம் நடந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, இலங்கை அரசு நிபுணர் குழு கணக்கிட்ட 640 கோடி டாலர் கேட்டு சிங்கப்பூரில் வழக்குப் போட்டது. அதே வருடம் ஜூலையில் இங்கிலாந்துக் கடல்சார் நீதிமன்றம் பொறுப்பின் வரம்பை சுமார் 1.9 கோடி பவுண்டு என்று நிர்ணயித்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தத் தொழில் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று தெரியும். ஆபத்தை ஏற்றிப்போகும் செலவு யார் தலையில் விழும் என்பது கப்பல் புறப்படும் முன்பே தீர்மானமாகி இருக்கிறது.

இலங்கைக்குள் சுற்றுச்சூழல் அமைப்பினர், மீனவர்கள், கத்தோலிக்கப் பேராயர் ஆகியோர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில் 2025 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 361 பக்கத் தீர்ப்பு தந்தது. மாசுபடுத்தியவரே பொறுப்பு என்ற கோட்பாட்டின்படி கப்பல் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்க வேண்டும், முதல் தவணை 25 கோடி செப்டம்பர் 23-க்குள் என்று உத்தரவு. அரசுத் தரப்பின் தவறுகளையும் நீதிமன்றம் விடவில்லை. கப்பல் கம்பெனி செப்டம்பரில், கட்ட முடியாது, பொறுப்புக்கு வரம்பே இல்லாமல் போனால் கடல் வணிகத்தின் அடித்தளம் ஆட்டம் காணும் என்று பதில் சொன்னது. சிதைவை அகற்றவும், சுத்தம் செய்யவும், மீனவர்களுக்குக் கொடுக்கவும் ஏற்கெனவே 17 கோடி டாலர் செலவழித்துவிட்டதாகவும் சொன்னது.

என்ன மாறியிருக்க வேண்டும்

முதலில் அந்தக் கண்டெய்னர். ஆபத்தான சரக்கு கசிந்தால் அருகிலிருக்கும் தகுதியான துறைமுகம் இறக்கியே ஆக வேண்டும், அதன் செலவைச் சரக்கு அனுப்பியவரும் கப்பல் தரப்பும் முன்கூட்டியே கட்டிய நிதியில் இருந்து தர வேண்டும் என்று ஒரு கட்டாய விதி இருந்திருந்தால், மே 11-இல் ஆரம்பித்தது ஹமதிலேயே முடிந்திருக்கும். பெரிய துறைமுகங்களில் அமிலக் கசிவைக் கையாள ஒரு குழு வைத்திருப்பது, ஒரு கரையைச் சலித்து எடுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. "வசதி இல்லை" என்ற பதிலைத் துறைமுகம் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும். புகலிட வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் புதுப்பித்தார்கள், இன்னும் அது ஆலோசனையாகவே இருக்கிறது.

இரண்டாவது, கசிவை மறைக்காமல் சொல்லும் கப்பலுக்குத் தண்டனை கிடைக்கக்கூடாது. இன்றைய நிலையில் உண்மையைச் சொல்லும் கப்பலை எந்தத் துறைமுகமும் ஏற்காது, சொல்லாத கப்பல் உள்ளே வந்துவிடும். இது மாறாமல் கேப்டன்களை மட்டும் கைது செய்துகொண்டிருந்தால் அடுத்தவர் இன்னும் பத்திரமாக மறைப்பார்.

பிளாஸ்டிக் மணியை ஆபத்தான சரக்காக வகைப்படுத்தச் சொல்லி இலங்கை சர்வதேச கடல்சார் அமைப்பில் குரல் எழுப்பியது. 2024-இல் அந்த அமைப்பு ஒரு பரிந்துரை வெளியிட்டது: கசியாத உறுதியான பையில் கட்டுங்கள், சரக்குத் தாளில் பிளாஸ்டிக் மணி என்று தெளிவாக எழுதுங்கள், முடிந்தவரை தளத்துக்குக் கீழேயோ பாதுகாப்பான உட்புறத்திலோ அடுக்குங்கள். மூன்றும் நல்ல யோசனைகள், செலவும் அதிகமில்லை. ஆனால் விரும்பினால் செய்யலாம் என்ற அளவில்தான். கட்டாயமாக்க எத்தனை கரை வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கரையோர நாடுகள் தாங்களாகவே செய்யக்கூடியதும் உண்டு, அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. ஒதுங்கும் ஆமைகளை வருடம் முழுக்க எண்ணி வைப்பது, கரை மணலில் இன்றைக்கு எத்தனை மணி இருக்கிறது என்று பார்த்துப் பதிவது, சல்லடையும் பாதுகாப்பு உடையும் மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் தயாராக வைப்பது, மீன் விற்கும் பெண்கள் உட்பட அந்தக் கரையை நம்பி வாழ்பவர்கள் பட்டியலை முன்பே எடுத்து வைப்பது. தமிழ்நாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். கொழும்புக்கு வரும் கப்பல் பாதை நம் கன்னியாகுமரியைச் சுற்றித்தான் போகிறது.

நான்கு வருடம் கழித்து

கொழும்புக்கு எதிரே அந்தக் கப்பல் வெடித்தது 2021 மே 25. சரியாக நான்கு வருடம் கழித்து, 2025 மே 25 அன்று, எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கண்டெய்னர் கப்பல் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போகும் வழியில் கேரளக் கடலில் மூழ்கியது. 640 கண்டெய்னர்கள், ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். முதல் நாள் செய்திகளில் எல்லோரும் பேசியது தொட்டியில் இருந்த எண்ணெயைப் பற்றியும், தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் கால்சியம் கார்பைடு பற்றியும்தான். சில நாட்களில் திருவனந்தபுரம் கரையில் வெள்ளை மணி மூட்டைகள் ஒதுங்கின, அப்புறம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையில், அப்புறம் தனுஷ்கோடிப் பக்கம். ஜூன் மாதம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையிலும் மணிகள் கிடைத்தன, இந்தக் கப்பலில் இருந்து வந்தவையாக இருக்கும் என்று இலங்கை அதிகாரிகள் கருதினார்கள். கன்னியாகுமரிக் கரையில் ஆட்கள் உட்கார்ந்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.